குளிர்காற்று முதலில் வரும்

அந்த வருஷம் ஏப்ரல் முழுக்க ஐடா உட்கார்ந்தபடியேதான் தூங்கினாள். கட்டிலின் கால்மாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் மடித்த போர்வை, முதுகுக்குச் சுவர். கட்டிலில் அவளுடைய கணவர் சாம்ராஜ் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருப்பார். படுத்தால் அவருக்கு மூச்சு அடைத்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், சக்கரம் வைத்த பெட்டி மாதிரி இருந்த ஆக்சிஜன் மெஷின் புஸ் புஸ்ஸென்று ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் கேட்கும்வரை அவள் தூங்குவாள். கரண்ட் போய் அது நின்றுவிட்டால், யாரோ தோளைப் பிடித்து உலுக்கிய மாதிரி எழுந்துவிடுவாள்.

சாம்ராஜ் நந்திதுர்க் மைனில், தங்கச் சுரங்கத்தில், பாறையில் துளைபோடும் மெஷின் பிடித்தவர். மைன் மூடி ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. துளைபோட்டபோது பறந்த பாறைத்தூள் மட்டும் அவர் நெஞ்சை விட்டுப் போகவில்லை. டாக்டர் அதற்கு ஒரு பேர் சொன்னார். லைனில் எல்லோரும் 'நெஞ்சுல மண்ணு' என்றுதான் சொன்னார்கள். மைன்காரர்களுக்காகக் கட்டிய தகரக்கூரை வீடுகள் வரிசை வரிசையாக நின்றன. ஒவ்வொரு வரிசையும் ஒரு லைன். ஐடாவின் வீடு மேல் லைனில். கீழ் லைனில் துரை இருந்தார். அவருக்கும் நெஞ்சில் அதே மண். இரண்டு லைனுக்கும் நடுவில் ஒரு சரிவு, அவ்வளவுதான். நல்ல கால் உள்ளவன் ஒரு பீடி முடிவதற்குள் இறங்கி ஏறிவிடுவான். ஆனால் ஒன்றரை வருஷமாக அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அவர்களுடைய பெண்டாட்டிகள் குழாயடியில் பார்த்துக்கொண்டார்கள்.

"எப்டி கீறார் உங்க வூட்டுக்காரர்?" என்று துரையின் மனைவி பார்வதம்மா கேட்பாள்.

"கீறார். உங்களவரு?"

"கீறார்."

அதற்கு மேல் சொல்ல இருவருக்கும் தெம்பில்லை. குடம் நிரம்பியதும் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள்.

ஈஸ்டருக்குப் பிறகு துரையின் மெஷினுக்குள் ஏதோ கருகி, அது நின்றுபோனது. மகன் விநாயக் அதை ரிப்பேருக்கு பெங்களூர் எடுத்துப் போனான். அன்று சாயங்காலம் பார்வதம்மா மேல் லைன் ஏறி வந்து, ஐடா வீட்டு மூலையில் துணி போர்த்தி நின்ற சிலிண்டரைப் பார்த்தாள். வாயைத் திறந்து கேட்கவில்லை. சாம்ராஜ்தான் கட்டிலில் இருந்தபடி, "கொடு ஐடா. எனக்கு மெஷின் ஓடுதில்ல" என்றார். கரண்ட் போகும் நேரத்துக்கென்று வைத்திருந்த ஒரே சிலிண்டர் அது. ஐடாவும் பார்வதம்மாவுமாகச் சரிவில் மெல்ல உருட்டிக்கொண்டு போனார்கள். விநாயக் வேலைக்குப் போகிற வழியில் அதை நிரப்பிக் கொண்டுவர ஏற்பாடு செய்துகொண்டான். துரை அதைச் சிக்கனமாக, பாதி நேரம் வைத்தும் பாதி நேரம் வைக்காமலும் ஓட்டினார்.

ஐடாவின் மகள் ஸ்வீட்டிக்கு இது பிடிக்கவில்லை. அவள் தினமும் காலை ரயிலில் ஒயிட்ஃபீல்டு போய் வருபவள். அங்கே ஒரு சின்ன கம்பெனியில், விவசாயிகளுக்கு போனில் வானிலைச் செய்தி அனுப்பும் வேலை. கன்னடத்திலும் தமிழிலும் ஸ்வீட்டியின் குரல்தான் பேசும். ஐடா தன் நம்பரையும் அதில் சேர்க்கச் சொல்லியிருந்தாள். ஒரு செடிகூட இல்லாத வீட்டுக்கு, 'தக்காளிக்கு இன்று மருந்து அடிக்க வேண்டாம்' என்று மகளின் குரலில் செய்தி வரும். வீட்டில் இருக்கிற ஸ்வீட்டி களைத்துப்போய்த் தட்டில் தலையைக் கவிழ்த்துச் சாப்பிடுகிற ஸ்வீட்டி. போனில் வருகிறவள் நிதானமாக, அக்கறையாகப் பேசினாள். ஐடாவுக்குச் சில நாள் போனில் வருகிறவளைத்தான் பிடித்திருந்தது.

அந்த வெயில் மாதிரி எந்த வருஷமும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். பெங்களூரைவிடச் சில்லென்று இருக்கும் ஊர் என்று பேர் வாங்கிய இடம், மத்தியானத்தில் தகரக்கூரைக்குக் கீழே அடுப்பு மாதிரி காய்ந்தது. மெஷின் தானும் சூடாகி, அறையையும் சூடாக்கியது. ஐடா ஈரத்துணியை முறுக்கி அவர் மார்பில் போடுவாள். அது காய்ந்ததும் மறுபடி நனைப்பாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று அவளுக்கே தெரியாது.

மாதக் கடைசியில் ஒருநாள் காலையிலிருந்தே வேறு மாதிரி வெயில். சுடவும் செய்தது, ஒட்டவும் செய்தது. ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டது. உப்பு டப்பாவில் உப்பு கசிந்திருந்தது. ஒரு இலை ஆடவில்லை. சாம்ராஜ் காலையிலிருந்து மூன்று வார்த்தைக்கு மேல் பேசவில்லை. "காத்தே இல்ல" என்பதுதான் அந்த மூன்றில் இரண்டு.

மத்தியானம் போன் அடித்தது. முதலில் பதிவு செய்த குரல்: "கோலார் மாவட்ட விவசாயிகளுக்கு வணக்கம். இன்று மாலைக்குள் இடி மின்னலுடன் பலத்த காற்றும் ஆலங்கட்டி மழையும் எதிர்பார்க்கப்படுகிறது. கால்நடைகளை மரத்தடியில் கட்ட வேண்டாம்." அது முடிந்த கொஞ்ச நேரத்தில் ஸ்வீட்டியே கூப்பிட்டாள்.

"அம்மா, மெசேஜ் கேட்டியா?"

"கேட்டேன். மாடு இல்லாத வூட்டுக்கு இன்னா பண்ணணும்?"

"ஜோக் அடிக்காத. கடல் பக்கத்துலருந்து ஈரக் காத்து வந்துக்கினு இருக்குது. வடக்குலருந்து காஞ்ச காத்து வருது. ரெண்டும் நம்ம தலை மேலதான் முட்டிக்குது. சூடான காத்து லேசும்மா, மேல ஏறிடும். ஏறினா மேகம். அதுக்குள்ள மழை விழ ஆரமிச்சா மேல இருக்கற காத்து சில்லுனு ஆயி, கனமாயி, அப்டியே கீழ கொட்டும். தரையில பட்டு நாலா பக்கமும் ஓடும். மழைக்கு முன்னாடியே அது வந்துடும். கம்பம், மரம் எல்லாம் அதுலதான் சாயுது. கரண்ட் போவும். போயி சிலிண்டர எடுத்துக்கினு வந்துடு."

"துரை அண்ணன் மூக்குலருந்து புடுங்கிக்கினு வரச் சொல்றியா?"

"நான் அப்டி சொன்னனா? நைனாவுக்குன்னு வச்சது அது. எல்லாத்தையும் குடுத்துட்டு நீ கைய பிசைஞ்சிக்கினு உக்காரு." ஸ்வீட்டி மூச்சு இழுத்துவிடுவது கேட்டது. "சாரிம்மா. நான் சாயங்கால ட்ரெயின புடிக்கப் பாக்கறேன்."

ஐடா போனாள். சாம்ராஜிடம் 'குழாயடிக்குப் போய் வரேன்' என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். கீழ் லைனில் துரையின் வீட்டு வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். துரை கட்டிலில் குனிந்து, இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, தோள்பட்டை ஏறி இறங்க உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். சிலிண்டர் பக்கத்தில் நின்றது. பார்வதம்மா தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா ஐடா, இந்த வெயில்ல?"

"ஒண்ணும் இல்லக்கா. சும்மாதான். மெஷின் எப்ப வருமாம்?"

"ரெண்டு நாள்ல குடுக்கறானாம். நேத்தும் அதான் சொன்னான்."

ஐடா தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினாள். சரிவில் ஏறும்போது கால் கனத்தது. தன்மேலேயே எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலை வைத்துக்கொண்டு இருக்கக்கூட அலுப்பாக இருந்தது.

மேலே வந்தபோது தெற்கே வானம் கறுத்திருந்தது. மேகம் என்று சொல்ல முடியாத அளவுக்கு உயரமாக, உச்சியில் வெள்ளையாக, அடியில் கரியாக. இடி இன்னும் தூரத்தில் இருந்தது. வெயிலும் குறையவில்லை, கறுப்புக்கும் வெயிலுக்கும் நடுவில் ஊர் ஒரு மஞ்சள் வெளிச்சத்தில் நின்றது. அவள் உள்ளே போய் ஜன்னல் திரையை ஒதுக்கினாள்.

காற்று அப்போதுதான் வந்தது.

யாரோ ஐஸ்பெட்டியைத் திறந்த மாதிரி இருந்தது. கதவு வழியாக வந்த அந்தக் குளிர் அவள் கழுத்து வேர்வையைத் தொட்டதும் உடம்பு சிலிர்த்தது. சாம்ராஜ் கண்ணைத் திறந்தார். பல வாரங்களாக அவர் முகத்தில் இல்லாத ஒன்று அங்கே வந்தது.

"ஆஹா. கதவ நல்லா தொற ஐடா. மைன்ல கீழ் லெவல்ல வேர்த்து ஊத்தறப்போ மேலருந்து கூலிங் காத்து உடுவாங்களே, அந்த மாதிரி கீது."

அவள் திறக்கத்தான் போனாள். வாசலில் நின்று நிமிர்ந்தபோது, வீடுகளுக்கு அப்பால் இருந்த சைனைட் மேடு புகைந்துகொண்டிருந்தது. பாறையை அரைத்து, சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்து எடுத்த பிறகு கொட்டிவைத்த மண், நூறு வருஷத்து மண், மாவு மாதிரி மெல்லியது. அந்தக் குளிர்காற்று மேட்டை அடியிலிருந்து வழித்து எடுத்தது. பழுப்பும் வெள்ளையுமாக ஒரு சுவர் எழும்பி, ஆலயத்து மணிக்கூண்டை மறைத்து, லைனை நோக்கி வந்தது.

ஐடா கதவை அறைந்து சாத்தினாள். ஜன்னலைச் சாத்தினாள். குடத்துத் தண்ணீரில் துண்டு, புடவை, கைக்குக் கிடைத்ததையெல்லாம் முக்கிக் கதவடியிலும் ஜன்னல் இடுக்கிலும் திணித்தாள்.

"ஏன் மூடற?" என்றார் சாம்ராஜ், குழந்தை மாதிரி.

"மண்ணு வருதுங்க."

அவர் புரிந்துகொண்டார். துண்டை எடுத்துத் தானே வாயில் வைத்துக்கொண்டார்.

தகரத்தில் மண் உரசும் சத்தம் அரிசி புடைக்கிற மாதிரி கேட்டது. எங்கேயோ ஒரு மரம் முறிந்தது. அதோடு மெஷின் 'பீ' என்று நீளமாகக் கத்திவிட்டு நின்றது. மின்விசிறி தளர்ந்து, சுற்றி, நின்றது.

அதற்குப் பிறகு வந்தது ஆலங்கட்டி. கூரையின் மேல் ஒரு லாரி ஜல்லியைக் கொட்டின மாதிரி. பேசினால் கேட்காது. ஐடா ஒரு அட்டையை வைத்து விசிறினாள். மூடிய வீட்டில் காலையிலிருந்து தேங்கிய புழுக்கம் அப்படியே இருந்தது. வெளியே அவ்வளவு குளிர், சுவருக்கு இந்தப் பக்கம் இவ்வளவு சூடு. சாம்ராஜ் உதட்டைக் குவித்து ஊதி ஊதி மூச்சு விட்டார். டாக்டர் சொல்லிக்கொடுத்தது அது. பின்கட்டில் ஒரு தகடு படபடவென்று அடித்துக்கொண்டது, பிறகு அதுவும் ஓய்ந்தது. ஆலங்கட்டி கனமழையானது.

மழை கொட்ட ஆரம்பித்துக் கொஞ்சம் போனதும் அவள் கதவைத் திறந்தாள். மண் முழுக்கத் தரைக்குப் போய்விட்டிருந்தது. காற்று கழுவின பாத்திரம் மாதிரி இருந்தது. முற்றமெல்லாம் வெள்ளை வெள்ளையாக ஆலங்கட்டி. மத்தியானம் அனல் அடித்த இடத்தில் அவளுக்கு இப்போது பல் கிட்டியது. சாம்ராஜ் அந்தக் காற்றைக் குடிக்கிறவர் மாதிரி வாயைத் திறந்து இழுத்தார். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு குளிர் நெஞ்சைப் பிடித்தது. இருமினார். இருமல் நிற்கவில்லை. நின்றபோது உதட்டில் நாவல்பழக் கறை மாதிரி ஒரு நிறம். ஆக்சிஜன் அளவை விரலில் மாட்டிப் பார்க்கிற கருவியை ஐடா மாட்டினாள். எண் இறங்கிக்கொண்டே போனது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டாள்.

தெருவில் மின்கம்பி மரத்தோடு சேர்ந்து தரையில் கிடந்தது. இன்றைக்குக் கரண்ட் வராது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். வருகிற வழியில் மரம் விழுந்திருக்கிறது, எடுத்ததும் வருவோம் என்றார்கள். ஸ்வீட்டியைக் கூப்பிட்டாள். ரயில் வழியில் நிற்கிறதாம்.

"அம்மா, சிலிண்டர்" என்றாள் ஸ்வீட்டி.

ஐடா பக்கத்து வீட்டு லவினாவைக் கூப்பிட்டாள். லவினா பெங்களூரில் தையல் கம்பெனிக்குப் போகிறவள். அன்று காய்ச்சல் என்று லீவில் இருந்தாள். "இவர பாத்துக்கோ. குனிஞ்சே உக்காரட்டும், படுக்க வுடாத" என்று சொல்லிவிட்டு, தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினாள். சரிவில் ஆலங்கட்டி கோலிகுண்டு மாதிரி உருண்டது. ஒரு இடத்தில் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கத் தோன்றவில்லை. மழை முகத்தில் அடித்தது. இப்படியே உட்கார்ந்துவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்து போனது. பிறகு எழுந்தாள்.

அவள் நனைந்து நின்ற கோலத்தைப் பார்த்ததுமே பார்வதம்மாவுக்கு விளங்கிவிட்டது. அவள் எழுந்து சிலிண்டருக்கும் ஐடாவுக்கும் நடுவில் நின்றாள். நிற்க நினைத்து நின்றாளோ, தானாக நின்றாளோ. அந்த முகத்தைப் பார்க்க ஐடாவால் முடியவில்லை.

"கரண்ட் பூடுச்சா?" என்று துரை கேட்டார்.

"பூடுச்சிண்ணா."

துரை மூக்கிலிருந்து குழாயைக் கழற்றினார். அவசரமில்லாமல், மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிற மாதிரி. "எடுத்துக்கினு போம்மா. உங்களுதுதான" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

பார்வதம்மா ஒதுங்கி நின்றாள். அவள் கை மட்டும் சிலிண்டர் கழுத்தைப் பிடித்திருந்தது.

ஐடா அந்தக் கையைப் பார்த்தாள். தன்னுடைய கை மாதிரியே இருந்தது, சோப்பிலும் தண்ணீரிலும் ஊறி வெளுத்த விரல்கள். சிலிண்டரை இவள் எடுத்துக்கொண்டு மேலே ஏறினால் இந்தக் கை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். அட்டையை எடுத்து விசிறும்.

"மாட்டுங்கண்ணா அத" என்றாள். "சிலிண்டர் மேல வர வாணாம். அவர இங்க இட்டாரேன். நீங்க எங்கூட வாங்கக்கா. ரெண்டு பேரால ஆவாது, லவினாவும் இருக்கா."

பார்வதம்மா துரையைப் பார்த்தாள். துரை தலையை அசைத்தார். அவள் மூலையில் கிடந்த தார்ப்பாயை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

சாம்ராஜை அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்பைச் சுற்றிப் புடவையால் நாற்காலியோடு கட்டினார்கள். ஆள் இளைத்துப்போயிருந்தாலும் மூன்று பெண்களுக்கு அது சுமைதான். முன்னால் பார்வதம்மாவும் லவினாவும், பின்னால் ஐடா. சரிவில் இறங்குவதால் கனமெல்லாம் முன்னால் போனது. லவினாவின் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். தார்ப்பாய்க்கு அடியிலிருந்து சாம்ராஜ், "கீழ வை... கீழ வை..." என்றார். யாரும் வைக்கவில்லை. வைத்தால் மறுபடி தூக்க முடியாது என்று மூன்று பேருக்கும் தெரியும்.

துரையின் கட்டிலுக்கு எதிரே, முழங்கால் முட்டுகிற நெருக்கத்தில் நாற்காலியை வைத்தார்கள். துரை குழாயைக் கழற்றிச் சட்டையில் துடைத்து நீட்டினார். ஐடா அதைச் சாம்ராஜுக்கு மாட்டினாள். உதட்டின் கறை கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து சிவப்பு வந்தபோது, சாம்ராஜ் கண்ணைத் திறந்து எதிரில் இருந்தவரைப் பார்த்தார்.

"துரை."

"ம்."

"இளைச்சிட்ட."

"நீ மட்டும் இன்னா, பயில்வானாட்டம் கீறியா?"

சாம்ராஜ் சிரிக்கப் பார்த்தார், அது இருமலாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவரே குழாயைக் கழற்றி நீட்டினார். "இந்தா. இப்ப நீ."

"இருக்கட்டும், நீ போடு."

"போட்றா."

அப்படித்தான் அந்தச் சாயங்காலம் போனது. ஒருவருக்கு முகம் தெளிந்ததும் அவர் மற்றவருக்குக் கொடுத்தார். பெண்கள் முதலில் 'இப்போ மாத்துங்க' என்று சொல்லிப் பார்த்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். எப்போது மாற்ற வேண்டும் என்பது அந்த இரண்டு பேருக்கும் ஒருவர் தோளை ஒருவர் பார்த்தே தெரிந்தது. நடுநடுவே இரண்டு வார்த்தை பேசினார்கள். விநாயக்கின் வேலையைப் பற்றி, முனிசிபாலிடி தண்ணீரைப் பற்றி, மூலத்துக்கு எந்த மாத்திரை நல்லது என்பதைப் பற்றி. பெரிதாக ஒன்றுமில்லை. குளிர் ஏற ஏறப் பார்வதம்மா பெட்டியிலிருந்து ஸ்வெட்டர், சால்வை எல்லாவற்றையும் இறக்கினாள். காலையில் ஈரத்துணி போட்ட மார்பில் ஐடா இப்போது கம்பளியைச் சுற்றினாள். ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் நெருப்பு கூடாது என்பதால் யாரும் விளக்கேற்றவில்லை. இருட்டிக்கொண்டு வந்த அறையில், பின்கட்டில் தள்ளிவைத்துப் போட்ட டீயை எல்லோரும் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஸ்வீட்டி வந்து சேர்ந்தபோது முழங்கால்வரை சேறு. மேலே வீடு பூட்டியிருந்ததைப் பார்த்து அழுதுகொண்டே இறங்கி வந்திருக்கிறாள். கையில் பங்காரப்பேட்டையில் மருந்துக்கடைக்காரரைக் கெஞ்சி வாங்கிய ஒரு சின்ன சிலிண்டர். வாசலில் நின்று பார்த்தாள். இரண்டு கிழவர்கள், ஒரு குழாய். திட்ட வந்தவள் எதையும் திட்டாமல் செருப்பைக் கழற்றிவிட்டு அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"டீ கீதா?" என்றாள்.

"சூடு ஆறிப்போச்சி."

"பரவால்ல, குடு."

கரண்ட் மறுநாள் வந்தது. துரையின் மெஷினும் அந்த வாரமே வந்துவிட்டது. பெரிய சிலிண்டர் மட்டும் இருவருக்கும் பொதுவாகக் கீழேயே நின்றது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. மத்தியானத்தில் ஒட்டும் வெயில் அடித்து, தெற்கே மேகம் நிமிர்ந்தால், பார்வதம்மா மேலே வருவாள், இல்லை ஐடா லவினாவைக் கூப்பிடுவாள். குளிர்காற்று வருவதற்குள் சாம்ராஜ் கீழே போய்விட வேண்டும். மே மாதத்தில் பல நாள் அப்படிப் போனார். சில நாள் மேகம் வேறு பக்கம் போய் ஏமாற்றியது. அப்படிப்பட்ட நாளிலும் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் பிரிந்தார்கள். சாம்ராஜ் வானத்தைப் பார்த்து, "இன்னிக்கி வரும் போல கீது" என்று வெயில் தெளிவாக அடிக்கிற நாளிலும் சொல்ல ஆரம்பித்தார். ஐடா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "சும்மா இருங்க" என்பாள். சொல்லிவிட்டுத் தூக்கவும் செய்வாள்.

டிசம்பரில் வந்த மழை வேறு. கடலில் ஒரு புயல் கரையேறாமல் நின்றுகொண்டது. இடி இல்லை, மின்னல் இல்லை, காற்றுகூடப் பெரிதாக இல்லை. வானம் சாம்பல் போர்வை மாதிரி கூரைக்கு மேலேயே தொங்கியது. தூறல், பிறகும் தூறல். பகலுக்கும் ராத்திரிக்கும் குளிரில் வித்தியாசமில்லை. துணி காயவில்லை, சுவர் பூத்தது, கிறிஸ்துமஸுக்குப் பிழிந்த முறுக்கு நமுத்துப்போனது.

"இது எப்பதான் வுடும்?" என்று ஐடா கேட்டாள்.

"இது முட்டி மோதற மழை இல்லம்மா" என்றாள் ஸ்வீட்டி. "கீழ குளிர் காத்து படுத்துக்கினு இருக்குது. கடல் காத்து அது மேல மெதுவா, சரிவு ஏறற மாதிரி ஏறுது. அதனால ஒரேடியா கொட்டாது. இப்டியே நசநசன்னு நாள்கணக்குல பெய்யும்."

துரைக்கு அந்தக் குளிர் நெஞ்சில் இறங்கியது. காய்ச்சல் வந்தது. விநாயக் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ஊசி போட்டு, மருந்து கொடுத்து அனுப்பினார்கள். கரண்ட் ஒரு நிமிஷம்கூடப் போகவில்லை. மெஷின் நன்றாக ஓடியது. சிலிண்டரும் நிரம்பி நின்றது. எல்லாம் இருக்கும்போதே, தூறல் விடாத ஒரு மத்தியானத்தில், துரை போய்விட்டார்.

செய்தி வந்தபோது ஐடா ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து சாம்ராஜிடம் சொன்னாள். அவர் மெஷினையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான் போவணும்" என்றார்.

"இந்தக் குளிர்லயா?"

"நான் போவணும் ஐடா."

லவினா வந்தாள். இந்தத் தடவை முன்பக்கம் லவினாவோடு ஸ்வீட்டி பிடித்தாள். சாம்ராஜுக்குக் குல்லா போட்டு, கம்பளி சுற்றி, ஸ்வீட்டி வாங்கிவந்த சின்ன சிலிண்டரை மடியில் வைத்துக் கட்டினார்கள். கீழே பார்வதம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஐடாவைப் பார்த்ததும் அவள் அழவில்லை. "ராத்திரி நல்லா தூங்கனாரு ஐடா. நானும் தூங்கிட்டேன். நாள்கணக்கா தூங்காம இருந்து, நேத்திக்கின்னு பாத்து நல்லா தூங்கிட்டேன்" என்றாள். அதையே மறுபடியும் சொன்னாள். ஐடா அவள் பக்கத்தில் ஈரப் படியில் உட்கார்ந்து அந்தக் கையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

சாம்ராஜை உள்ளே நண்பரின் தலைமாட்டில் வைத்தார்கள். அவர் ஒரு தடவை கை நீட்டி துரையின் சட்டைக் காலரைச் சரிசெய்தார். சாங்கியங்கள் ஆரம்பிக்கும் முன் தானே, "போலாம்" என்றார்.

இறங்கியதைவிட ஏறுவது கஷ்டமாக இருந்தது. சேறு வழுக்கியது. பாதிச் சரிவில் லவினா, "அக்கா, ஒரு நிமிஷம்" என்றாள். நாற்காலியை ஒரு பாறையை ஒட்டிச் சமமான இடத்தில் இறக்கினார்கள். தூறல் எல்லோர் தலையிலும் பூப்போலப் படிந்தது. கீழே பறை அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். சாம்ராஜ் குளிரில் நடுங்கினார். ஐடா தன் முந்தானையையும் இழுத்து அவர் காதைச் சுற்றி மூடினாள். பிறகு பாறையில் கையை ஊன்றிக் குனிந்து நின்றாள்.

"போலாமா?" என்றார் சாம்ராஜ்.

"இருங்க" என்றாள் ஐடா. "எனக்கு மூச்சு வாங்குது."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். மடியிலிருந்த சிலிண்டரை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டி அவள் முதுகில் வைத்தார். ஸ்வீட்டி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். மூச்சு ஒரு நிலைக்கு வரும்வரை ஐடா அப்படியே நின்றாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.